சிமிட்டி வீட்டிலும் மேல்ஜாதி, கீழ்ஜாதி

டெலிவிஷன் நாடகத்தில் கொலை நடப்பதற்கு ஒரு வீடு வேண்டும். இதை நாம் குற்றமாகச் சொல்ல வரவில்லை. கொலையில்லாமல் துப்பறியும் கதை இல்லை. வீடில்லாமல் கொலையைப் படம் பிடிக்கவும் முடியாது. ஆனால் இங்கிலாந்து தேசத்தில் முப்பது வருஷங்களுக்கு மேலாய் நடந்துவரும் ஒரு வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டுமென்றே இதை எழுதுகிறோம். அதென்னவென்றால், பணக்காரனுடைய சிமிட்டி வீட்டில் நாடகக்காரர்கள் கொலை நடத்திக் காட்டினால் அந்த வீட்டுக்கு மதிப்பு கூடுகிறது. ஏழையினுடைய சிமிட்டி வீட்டில் கொலை நடத்திக் காட்டினால் அந்த வீட்டுக்கும் அதில் குடியிருந்தவனுக்கும் சேர்த்து மானம் போகிறது. இரண்டும் ஒரே மாதிரி வீடுதான். இரண்டுக்கும் மொட்டை மாடிதான். இரண்டிலும் பூ வேலை, தூண் வேலை, சிங்க முகம் ஒன்றும் கிடையாது. அப்படியிருக்க இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

முதலில் பணக்காரன் வீட்டைப் பார்ப்போம்.

லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாவில் அமர்ஷாம் என்று ஓர் ஊர். அங்கே மேட்டின்மேல் ‘ஹை அண்ட் ஓவர்’ என்ற பேருள்ள வெள்ளை வீடு ஒன்று 1929-ம் வருஷம் தொடங்கி 1931-ம் வருஷம் கட்டி முடிந்தது. கட்டச் சொன்னவர் பெர்னார்டு ஆஷ்மோல் என்ற புதைபொருள் ஆராய்ச்சிப் பேராசிரியர். ரோமாபுரியிலிருந்த பிரிட்டிஷ் கலாசாலைக்குத் தலைவராயிருந்தவர். பழைய கிரேக்கச் சிலைகளைப் பற்றியே ஆயுள் முழுதும் படித்தவர். கட்டிக் கொடுத்தவர் நியூஜிலாந்திலிருந்து வந்த அமியஸ் கானல் என்ற வாலிபர். பழமையைக் கரைத்துக் குடித்த பண்டிதர் தமக்கு வீடு என்று வந்தபோது பழமை வேண்டாமென்று சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. நடுவில் அறுகோணமாய் ஒரு கூடம். அதிலிருந்து மூன்று திசையில் பிரியும் மூன்று இறக்கைகள். நீள நீளமான ஜன்னல்கள். வெயில் காய மொட்டை மாடி. வெளிச்சமும் காற்றும் தாராளமாய் உள்ளே வரவேண்டும் என்பதே ஏற்பாடு. பார்ப்பதற்கு முழுதும் காங்கிரீட் போல் இருந்தாலும், உண்மையில் சட்டம் மட்டுந்தான் காங்கிரீட். இடைவெளியைச் செங்கல்லால் அடைத்து மேலே பூச்சுப் பூசி வெள்ளையடித்தார்கள். பணக்காரன் வீட்டுக் காங்கிரீட்டும் கொஞ்சம் வேஷம்தான் என்பதை இங்கேயே குறித்து வைத்துக் கொள்ளலாம்.

அக்கம்பக்கத்துக் கனவான்கள் சும்மாயிருந்தார்களா? ஓடு வேய்ந்த சரிவுக் கூரையையே பார்த்துப் பழகியவர்கள் இந்த வீட்டைக் கண்டு முகத்தைச் சுளித்தார்கள். ஊர் அழகே கெட்டுப் போயிற்று என்றார்கள். வற்றல் காயப்போட மொட்டை மாடி தேடும் நம் வாசகர்களுக்கு இது சிரிப்பாயிருக்கலாம். ஆனால் மழையும் பனியும் கொட்டுகிற நாட்டில் கூரை சரிவாயிருக்கவேண்டும் என்பது நாளாவட்டத்தில் உபயோகத்தைத் தாண்டி ஓர் ஒழுக்கமாகவே ஆகிவிட்டது. நம்முடைய தாத்தா இப்படிக் கட்டினார், ஆகையால் நாமும் இப்படித்தான் கட்டவேண்டும் என்று சொல்லுகிறவர்கள் வெள்ளைக்காரரிலும் ஏராளம்.

இவ்வளவு கூச்சலும் என்னவாயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கட்டி முடிந்த 1931-ம் வருஷத்திலேயே பாதே கம்பெனியின் செய்திப் படக்காரர்கள் வந்து வீட்டைப் படம் பிடித்துச் சினிமாக் கொட்டகைகளில் காட்டினார்கள். 1973-ல் ஜான் பெட்ஜமன் என்ற பிரசித்திபெற்ற கவிஞர் பி.பி.சி. டெலிவிஷனுக்காக அங்கே போய்ப் பேசினார். பிற்பாடு வீட்டை இரண்டு குடித்தனமாய்ப் பிரித்தார்கள், மறுபடி ஒன்றாக்கினார்கள். இன்று அது இங்கிலீஷ் சர்க்கார் பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் வகுப்பு நட்சத்திர அந்தஸ்தோடு இருக்கிறது. அனுமதியில்லாமல் அதில் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது.

இனி நாடகத்துக்கு வருவோம். அகதா கிறிஸ்டி அம்மையார் எழுதிய துப்பறியும் கதைகளை ஐ.டி.வி. என்ற டெலிவிஷன் கம்பெனி 1989-ம் வருஷம் முதல் 2013-ம் வருஷம் வரை ‘புவாரோ’ என்ற நாடகமாய் 70 பாகம் காட்டிற்று. டேவிட் சூஷே என்பவர் மீசையை முறுக்கிக்கொண்டு துப்பறிவார். நாமும் பார்த்தவர்கள்தான், ரசித்தவர்கள்தான். அதில் முதல் வருஷத்திலேயே வந்த ‘கிங் ஆப் கிளப்ஸ்’, அதாவது கிளாவர் ராஜா, என்ற கதையைப் படம் பிடிக்க ‘ஹை அண்ட் ஓவர்’ வீட்டுக்குத்தான் போனார்கள். ஒரு சினிமா முதலாளி செத்துக் கிடக்கிறார். பக்கத்து வீட்டுக் கௌரவமான குடும்பம் ஒன்று சீட்டு விளையாடிக்கொண்டிருந்ததாய்ச் சொல்லுகிறது. சீட்டுக்கட்டில் கிளாவர் ராஜா குறைகிறான். துப்பறிகிறவர் உண்மையைக் கண்டு பிடிக்கிறார். கண்டு பிடித்து என்ன செய்கிறார்? அந்தக் குடும்பத்தைப் போலீசில் காட்டிக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்!

கதை நல்ல கதை. அதைப் பற்றி நமக்கு விவகாரமில்லை. அந்தத் துப்பறிகிறவர் குடியிருப்பதாய்க் காட்டும் வீடும் நவீனக் கட்டடமே. லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் 1936-ல் கட்டிய ஃபுளோரின் கோர்ட் என்ற அடுக்கு மாடிக் குடியிருப்பு அது. நாம் கேட்பது ஒன்றே. இருபத்துநாலு வருஷம், எழுபது பாகம், வாரா வாரம் கத்தியும் விஷமும் துப்பாக்கியுமாய் இத்தனை பேர் இத்தனை அழகான வீடுகளில் சாகிறார்களே. மொட்டை மாடி வைத்தால் மனிதன் கொலைகாரனாகிறான் என்று எந்தப் பத்திரிகையாவது எழுதிற்றா? அடுக்கு மாடியில் குடியிருந்தால் புத்தி கெட்டுவிடும் என்று எந்த மந்திரியாவது பேசினாரா? அமர்ஷாம் வீட்டை இடிக்கவேண்டும் என்று எந்த நகரசபையாவது தீர்மானம் போட்டதா? கிடையாது. அங்கே கொலை செய்தவன் குற்றவாளி, வீடு நிரபராதி.

இனி ஏழை வீடு.

தெற்கு லண்டனில் சதர்க் நகரசபையின் எல்லைக்குள் வால்வொர்த் என்ற பகுதி. அங்கே ‘ஹேகேட்’ என்ற குடியிருப்பை நகரசபையார் கட்டி 1974-ம் வருஷம் முடித்தார்கள். 1,200 வீடுகளுக்கு மேல். சுமார் 3,000 ஜனங்கள். திட்டம் போட்டவர் டிம் டிங்கர் என்ற கட்டடக் கலைஞர். சுற்றிலும் மதில் போல உயர்ந்த மாடிக் கட்டடங்கள், நடுவில் சிறு வீடுகளும் தோட்டமும். மோட்டார் வண்டிகள் கீழே போகவும், மனிதர்கள் மேலே பாலம் போன்ற நடைபாதைகளில் பயமில்லாமல் போகவும் ஏற்பாடு. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டாமல் ஒரே இடத்திலிருந்து குழாய் மூலம் உஷ்ணம் கொடுக்கும் ஏற்பாடு. நூற்றுக்கணக்கான மரங்கள் வளர்ந்து நின்றன. வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்று அமர்ஷாம் பேராசிரியர் தமக்குத் தேடிக்கொண்டதை நாற்பது வருஷம் கழித்து மூட்டை தூக்குகிறவனுக்கும், பஸ் ஓட்டுகிறவனுக்கும், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கும் நகரசபை பொதுச் செலவில் கொடுக்கப் பார்த்தது. நாம் அறிந்தமட்டில் இதுதான் இந்தச் சிமிட்டியின் உண்மையான பெருமை. பேராசிரியருக்கு மட்டும் கிடைத்திருந்தால் இதை ஒரு ருசி என்று சொல்லலாம். ஆயிரம் குடும்பத்துக்குக் கிடைத்ததால்தான் இதை ஒரு கொள்கை என்கிறோம்.

குறை இல்லையா என்றால், இருந்தது. உஷ்ணக் குழாய் கெட்டுப் போகும். நீண்ட நடைபாதைகளில் ராத்திரி வேளையில் பயந்து நடந்தவர்களும் உண்டு. ஆனால் குழாய் கெட்டால் குழாயைச் சரி செய்வதா, அல்லது குடியிருப்பவனைக் காலி செய்வதா? அமர்ஷாம் வீடு மட்டும் ரிப்பேர் இல்லாமலா நின்றது? பூச்சும் வெள்ளையும் போட்டுப் போட்டுத்தான் அது இன்றும் வெள்ளையாயிருக்கிறது. ஒருவன் வீடு ரிப்பேரானால் ‘புராதனச் சின்னத்தைப் புதுப்பித்தல்’ என்று பேர். இன்னொருவன் வீடு ரிப்பேரானால் ‘தோல்வியுற்ற கட்டடம்’ என்று பேர்.

நகரசபையார் காலி செய்வதையே தேர்ந்தார்கள். 2007-ம் வருஷத்துக்குப் பின் சில வருஷங்களுக்குள் பெரும்பாலோரையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். இந்தச் சமயம் பார்த்து வந்தவர்கள்தான் படம் பிடிப்பவர்கள். 2009-ல் வெளிவந்த ‘ஹாரி பிரவுன்’ என்ற சினிமாவில் ஒரு கிழவர் குடியிருப்புப் போக்கிரிகளைச் சுட்டுத் தள்ளுகிறார். 2011-ல் சானல் 4 காட்டிய ‘டாப் பாய்’ என்ற டெலிவிஷன் நாடகம் போதைச் சரக்கு விற்கும் வாலிபர்களைப் பற்றியது. கதை நடப்பது லண்டனின் கிழக்கே ஹாக்னியில். படம் பிடித்ததோ தெற்கே ஹேகேட்டில். இந்த நாடகம் புத்தியோடும் அனுதாபத்தோடும் எழுதப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளுவது நம் கடமை. எழுதியவர் மேலும் நடித்த பிள்ளைகள் மேலும் நமக்குத் துவேஷமில்லை. நாம் சொல்லுவது வேறு.

ஆள் இல்லாத வீடு எதுவானாலும் பேய் வீடாய்த்தான் தோன்றும். அமர்ஷாம் வீட்டில் குடியிருப்பவர்களை விரட்டிவிட்டு, ஜன்னலுக்குத் தகடு அடித்து, இரண்டு வருஷம் விளக்கேற்றாமல் போட்டு வைத்துப் பிறகு படம் பிடித்துப் பாருங்கள். அதிலும் பேய் தெரியும். ஹேகேட்டில் தெரிந்த வெறுமை அங்கே குடியிருந்தவர்கள் உண்டாக்கிய வெறுமை அல்ல. அவர்களை வெளியேற்றியவர்கள் உண்டாக்கிய வெறுமை. ஆனால் தேசமெங்கும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தவனுக்கு இதை யார் சொன்னார்கள்? தகடு அடித்த கதவைப் பார்த்தான். இருண்ட நடைபாதையைப் பார்த்தான். ‘இப்பேர்ப்பட்ட இடத்தில் இப்பேர்ப்பட்ட ஜனங்கள்தான் இருப்பார்கள், இதை இடிப்பதே நியாயம்’ என்று எண்ணிக்கொண்டு தூங்கப் போனான். நாடகம்தான் வீட்டை இடித்தது என்று நாம் சொல்லவில்லை. இடிப்பவனுக்கு நாடகம் சாட்சி சொல்லிற்று என்கிறோம்.

‘இது எல்லாம் உங்கள் கற்பனை, படம் பிடிப்பவர்கள் கண்டதைத்தானே காட்டுகிறார்கள்’ என்று சில புத்திமான்கள் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே ஏல்ஸ்பரி குடியிருப்பின் சங்கதியைச் சொல்லுகிறோம். இதுவும் வால்வொர்த்தில், ஹேகேட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது; சுமார் 2,700 வீடுகளோடு கட்டப்பட்டது. 1997-ல் டோனி பிளேர் பிரதம மந்திரியானவுடன் பார்லிமெண்டுக்கு வெளியே தமது முதல் பிரசங்கத்தைச் செய்யத் தேர்ந்தெடுத்த இடம் இதுதான். அதே சானல் 4 கம்பெனியார் 2004-ம் வருஷம் தங்கள் சானலின் அடையாளமாய் நிகழ்ச்சிகளுக்கு நடுவே காட்டும் ஒரு துண்டுப் படத்தை இங்கே எடுத்தார்கள். மாடி நடைபாதை வழியாய்க் காமிரா போகும். கட்டடங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கணம் 4 என்ற எண்ணாய்த் தெரியும். சாமர்த்தியமான வேலை. ஆனால் நடைபாதை அவர்கள் நினைத்த அளவுக்கு அசிங்கமாயில்லை போலிருக்கிறது. ஆகவே என்ன செய்தார்கள்? குப்பை மூட்டைகளைச் சேர்த்தார்கள். கடையில் சாமான் வைத்துத் தள்ளும் வண்டி ஒன்றைச் சேர்த்தார்கள். கொடி கட்டித் துணி தொங்குவதாய்ச் சேர்த்தார்கள். அங்கே இல்லாததையெல்லாம் சேர்த்து, ‘இதுதான் ஏழைகள் இருக்குமிடம்’ என்று நாள்தோறும், வருஷக்கணக்காய்க் காட்டினார்கள்.

துணிக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. துணி துவைத்து உலர்த்துவது சுத்தத்துக்கு அடையாளமா, அசுத்தத்துக்கு அடையாளமா? துவைக்காதவன் அல்லவோ உலர்த்தமாட்டான்! இயந்திரத்தில் உலர்த்தும் கனவான்களுக்கு வெளியில் தொங்கும் ஈரத்துணி குப்பையோடு சேர்த்து எண்ணத்தக்கதாய்த் தோன்றிற்று. இதிலிருந்தே அந்தப் படத்தை எடுத்தவர்கள் எந்த மாடியிலிருந்து எந்த மாடியைப் பார்த்தார்கள் என்று தெரிந்து கொள்ளலாம்.

குடியிருந்தவர்கள் சும்மாயிருக்கவில்லை. வருஷக்கணக்காய்க் கேட்டார்கள். ‘எங்கள் வாசலில் நீங்கள் போட்ட குப்பையை நீங்களே எடுங்கள்’ என்பதே அவர்கள் கேட்டதன் சாராம்சம். கடைசியில் 2014-ல் கம்பெனியார் இணங்கி, குடியிருப்பவர்கள் சேர்ந்து எடுத்த வேறு படத்தைப் போட்டார்கள். அதில் அதே நடைபாதை, அதே காமிராப் போக்கு. குப்பை மட்டும் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள். இந்தச் சிறு ஜெயத்தை அடையப் பத்து வருஷம் பிடித்தது. அதற்குள் பக்கத்து ஹேகேட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

‘ஒரு தனி வீட்டையும் ஆயிரம் குடும்பத்துக் குடியிருப்பையும் ஒப்பிடலாமா? ஜனம் கூடினால் சண்டையும் கூடாதா?’ என்றும் கேட்கலாம். ஃபுளோரின் கோர்ட்டும் அடுக்கு மாடிதானே என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். அங்கே காவலாளும் லிப்டும் ஒழுங்காயிருந்தால் அது சிமிட்டியின் குணமா, வாடகையின் குணமா? வாடகையின் குணம் என்றால், ஹேகேட்டில் காவலாளுக்கும் லிப்டுக்கும் செலவழித்துப் பார்த்தபிறகல்லவா சிமிட்டியின்மேல் தீர்ப்புச் சொல்லவேண்டும்?

நிற்க, ஹேகேட் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2011-ல் ஆரம்பித்த இடிப்பு வேலை 2014-ல் முடிந்தது. சொந்தமாய் வீடு வாங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்த நஷ்டஈட்டில் அந்தப் பக்கத்தில் இன்னொரு வீடு வாங்க முடியாமல் தூரதேசம் போல் தூரத்துக்குப் போனார்கள். கடைசி ஆளை 2013-ம் வருஷம் நவம்பர் மாதம் அமீனா வைத்து வெளியேற்றினார்கள். பத்திரிகைகளில் வெளியான கணக்குப்படி, ஜனங்களைக் காலி செய்யவே நகரசபைக்கு 4 கோடியே 40 லட்சம் பவுன் செலவு. நிலத்தைக் கட்டடக் கம்பெனிக்கு விற்ற விலையோ 5 கோடி பவுன். 1,200 ஏழை வீடுகள் இருந்த இடத்தில் ஏறக்குறைய 2,500 புது வீடுகளுக்கு அனுமதி வாங்கினார்கள். அதில் நகரசபைக் குடியிருப்பைப் போல் ஏழைக்குக் கட்டும் வாடகையில் விட ஒப்புக்கொண்டவை சுமார் 80. வாசகர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். எந்தத் துப்பறியும் நாடகத்திலும் இவ்வளவு வெளிப்படையாய்த் தடயம் கிடைக்காது. ஆனால் இந்தக் கதையை மீசைக்காரத் துப்பறிவாளரிடம் யாரும் கொண்டுபோகவில்லை.

இன்னொரு கட்டடத்தைச் சொல்லாமல் விட்டால் நம் வாதம் பாதியில் நிற்கும். கிழக்கு லண்டன் பாப்ளரில் பால்ஃப்ரன் டவர் என்ற காங்கிரீட் கோபுரம் 1967-ல் ஏழைகளுக்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் ஹங்கேரியில் பிறந்த எர்னோ கோல்ட்ஃபிங்கர். (இவருக்கும் கதைக்காரர்களால் வந்த தொல்லை கொஞ்சமல்ல. இயான் ஃபிளெமிங் என்பவர் 1959-ல் ஜேம்ஸ் பாண்டு கதையில் ஒரு வில்லனுக்கு இவருடைய பேரையே வைத்துவிட்டார். இவர் வழக்குப் போடுவதாய் மிரட்டவேண்டியதாயிற்று.) இந்த மனிதர் 1968-ல் தம் மனைவியோடு அந்தக் கோபுரத்தின் மேல் மாடி வீடு ஒன்றில் இரண்டு மாதம் குடியிருந்து, மற்றக் குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு உபசரித்து, எது சௌகரியம் எது அசௌகரியம் என்று விசாரித்துக் குறித்துக் கொண்டார். தான் கட்டிய ஏழை வீட்டில் தானே குடியிருந்து பார்த்த கட்டடக்காரர் எத்தனை பேர்?

இந்தக் கோபுரத்தை நகரசபை 2007-ல் ஒரு வீட்டு வசதிச் சங்கத்துக்கு மாற்றிற்று. புதுப்பிக்கவேண்டும் என்று சொல்லிக் குடியிருந்தவர்களை மெல்ல மெல்ல வெளியேற்றினார்கள். 2015-ல் சர்க்கார் பட்டியலில் அதன் அந்தஸ்து உயர்ந்தது. அமர்ஷாம் வெள்ளை வீட்டுக்குள்ள அதே இரண்டாம் வகுப்பு நட்சத்திரம் இதற்கும் கிடைத்தது. வீடுகளைச் சந்தை விலைக்கு விற்பனைக்கு வைத்தார்கள். பழைய ஏழை வாடகையில் ஒரு வீடுகூடத் திரும்ப வரவில்லை. காங்கிரீட் மாறவில்லை. நடைபாதை மாறவில்லை. காற்றும் வெளிச்சமும் முன்னிருந்தபடியே இருக்கின்றன. குடித்தனக்காரன் மாறினான், ‘அவலட்சணம்’ என்றிருந்தது ‘கலை’ என்றாயிற்று.

இனிமேல் டெலிவிஷன் நாடகக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு பால்ஃப்ரன் டவருக்குப் போனால், அங்கே நடக்கப்போவது கத்திக்குத்தா அல்லது கிளாவர் ராஜா காணாமற் போகும் நாகரிகமான கொலையா என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.